வீண் செலவு

"ஜன்னலுக்கு எதுக்கு இப்போ புதுத் திரை? வீண் செலவு. நாளைக்கே கழட்டிடு."

போனைப் பிடித்திருந்த அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரையை மாட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எல்லையில் பதுங்குகுழிக்குள் கிடக்கிற கணவனுக்கு அது எப்படித் தெரியும்?

"யார் சொன்னா உங்களுக்கு?"

"யாரோ சொன்னாங்க, விடு."

வைத்துவிட்டான்.

முன்பெல்லாம் சம்பளத்தை அனுப்பிவிட்டு, "உன் இஷ்டம், பார்த்துச் செய்" என்பதோடு சரி. இந்த இரண்டு மாதமாகத்தான் தினமும் ஐந்து மணிக்குக் கூப்பிட்டு நோண்டி நோண்டிக் கேட்கிறான். கரண்ட் பில் எகிறுகிறதாம். தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டுப் பகல் வெளிச்சத்தில் தைக்க வேண்டுமாம். போட்டாள். எதிரே இருந்த பள்ளிக்கூடத்தைப் போர் தொடங்கியதும் ராணுவ ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார்கள். போகிற வருகிற ஆம்புலன்ஸ் கிளப்பும் தூசியெல்லாம் அவள் தைக்கும் துணி மேல்தான். அதற்காகத்தான் அந்தத் திரையே.

போன வாரம் ஒருநாள், "மத்தியானம் சாப்பிடாம தைக்கிறியே, நாளைக்கு டாக்டர் செலவை யார் பார்க்கிறது?" என்று அதட்டினான். அன்றே அவளுக்குக் கூடவே இருக்கும் நாத்தனார் மேல் சந்தேகம் தட்டியது. இன்று உறுதியாகிவிட்டது.

மறுநாள் தபால் ஆபீஸ் வேலை முடிந்து வந்த நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவள் பிடித்துக்கொண்டாள்.

"உங்கண்ணன்கிட்ட வத்தி வைக்கிறது நீதானே?"

"என்ன அண்ணி, வந்ததும் வராததுமா?"

"நேத்து திரை மாட்டும்போது ஸ்டூலைப் பிடிச்சது யாரு? நீ ஒருத்திதானே இருந்த?"

"ஆமா, உங்களையும் ஒரு கவர்ல போட்டு, ஸ்டாம்பு ஒட்டி அண்ணனுக்கு அனுப்பிட்டேன்."

"கிண்டல் வேண்டாம். வேவு பார்க்கிறவளோட ஒரே வீட்ல என்னால இருக்க முடியாது. நாளைக்கே ஹாஸ்டல் பார்த்துக்கோ."

நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள். துணிகளை அடைத்து வாசலருகே கொண்டுவந்து வைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, தன் மஞ்சள் போர்வையோடு திரும்பி வந்தாள்.

"இந்தாங்க என் போன். நீங்களே வச்சுக்குங்க. இப்ப மணி நாலே முக்கால். திரையைக் கழட்டிட்டு இதை மாட்டுவோம். இது அண்ணனுக்குத் தெரியுதான்னு பாருங்க. அப்புறம் என்னைத் துரத்தலாம்."

மாட்டினார்கள். சரியாக ஐந்துக்குப் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"திரையைக் கழட்டிட்டேங்க."

"கழட்டினது சரி. அதுக்காக யாராவது நல்ல போர்வையைக் கொண்டுபோய் ஜன்னல்ல தொங்கவிடுவாங்களா? மஞ்சக் கலர் வெயில்ல ரெண்டே நாள்ல வெளுத்துடும். அப்புறம் புதுசு வாங்கற செலவு வேற!"

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாரின் போன் தன் கையிலேயே இருந்தது. கதவு தாழிட்டிருந்தது. பெட்டி வாசலருகே காத்துக்கொண்டிருந்தது.

"அண்ணி..." என்றாள் நாத்தனார்.

ஊசியையும் துணியையும் தவிர வேறெதையும் பார்க்காமல் இரண்டு மாதமாக அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், போர்வையை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டு, முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி ஜன்னலில், காதில் போனோடு ஒருவன் தன் சக்கர நாற்காலியை அவசர அவசரமாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"அங்கேயே இருங்க, நான் வர்றேன்," என்றாள் அவள், வழிந்த கண்ணீரைத் துடைக்காமல். "கவலைப்படாதீங்க, பஸ் செலவுகூட இல்ல."