ஒரே வயரில் இரண்டு வீடு

கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள், பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிற அறையில், பிறிஜெற் அன்ரி மஞ்சள் பல்பை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறாள். பல்பு மங்கிப் போய் எரிகிறது. "பல்பில பிழையில்ல அன்ரி," என்கிறான் ஏணியில் நிற்கும் எலக்ட்ரீசியன் ரிம்ஸான். "பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் ஒரே மெல்லிசு வயர். அங்க தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தல் கரண்ட இழுக்கக்குள்ள இங்க வோல்டேஜ் விழும். வேற லைன் இழுத்துத் தாறன்." பக்கத்து வீட்டில் தனியாக இருப்பது அவளுடைய தம்பி யேசுரட்ணம். வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்ததிலிருந்து ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. ஞாயிறுப் பூசையிலும் ஆளுக்கொரு மூலைதான். போன கிழமை அவன் ஆஸ்பத்திரியால் வந்ததும், அவள் எட்டிப் பார்க்காததும் ஒழுங்கையில் நாய்க்குட்டிக்கும் தெரியும். "அப்ப, அவன் எழும்பித் தேத்தண்ணி வைக்கிறானோ?" "ஓம் அன்ரி." அங்கே கேத்தல் கொதித்து நின்றிருக்க வேண்டும்; பல்பு சட்டெனத் தெளிகிறது. அவள் மூச்சு விடுகிறாள். "லைன் ஒண்டும் வேணாம் மகன். இஞ்ச நான் அயனைப் போட்டா அங்கயும் மங்குமோ?" "மங்கும்." ரிம்ஸானின் ஏணி வாசலைத் தாண்ட முதலே அவள் அயனைச் செருகி, சுவிட்சைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்கிறாள். மேசையில் அயன் பண்ண ஒரு துணியும் இல்லை.