பரிஸில் நாலு நாள்

"நாலு நாள் உலாத்தப் போறவையை ஏன் கரைச்சல்படுத்திறியள்? அவை ஊரைச் சுத்திப் பாத்திட்டு வரட்டும். அவனைத் தேடி ஒருத்தரும் அலையத் தேவையில்லை."

திரேசம்மா வெடுக்கென்று சொன்னதும் அக்னெஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது?

மொன்றியலின் வில்லரேயில் ஒரே கட்டடம். மேல்வீட்டில் அக்னெஸும் புருஷன் அம்புறோஸும்; கீழ்வீட்டில் திரேசம்மாவும் அவள் புருஷன் எமிலியானுஸும். அவர்களுடைய ஒரே மகன் றொசான், கனடாவுக்கு வருகிற வழியில் பரிஸில் மாட்டிக்கொண்டவன். ஞாயிறு தவறாமல் போன் காட் போட்டுக் கதைப்பான். மூன்று வருடமாக ஒரு சத்தமும் இல்லை. அந்த ஏக்கத்திலேயே எமிலியானுஸின் நெஞ்சு பழுதாகி, துறைமுக வேலையையும் விட்டுவிட்டு வீட்டோடு கிடந்தார்.

அவர் மகனின் படத்தை அம்புறோஸின் கையில் வைத்தார்.

"தம்பி, பரிஸில லாச்சப்பல் பக்கம் எங்கட சனம் கனக்க இருக்காம். ஆருக்காவது காட்டிக் கேட்டுப் பாரும்."

"கட்டாயம் அண்ணை."

திரேசம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"பாத்தியளே? பிள்ளையின்ர பேரை எடுத்தாலே அந்த மனுசிக்கு முகம் கறுக்குது" என்று படியேறும்போதே அக்னெஸ் பொரிந்தாள். "கல் நெஞ்சு!"

அக்னெஸுக்கும் அம்புறோஸுக்கும் கலியாணமாகி இருபத்தைந்து வருடம் என்று அவர்களின் பிள்ளைகள் ஒழுங்கு செய்துகொடுத்த பயணம் அது. ஈபிள் கோபுரம், சேன் ஆற்றில் படகு, மொன்மாத்தர் மலைப்படிகள் என்று இரண்டு நாள் கால் நோக நோக நடந்தார்கள். மூன்றாம் நாள் லாச்சப்பல். கடை கடையாக ஏறி இறங்கிப் படத்தைக் காட்டினார்கள்.

ஒரு சலூன்காரர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நீங்கள் இவனுக்கு என்ன முறை?"

"தாய் தேப்பன் எங்கட கீழ்வீட்டில இருக்கினம்."

"மூண்டு வருசமாச்சு அண்ணை. மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மற்ற நாளே முடிஞ்சுது. கூட இருந்த பொடியள்தான் சேர்ந்து அடக்கம் செய்தவங்கள்."

அவரே கடையைப் பூட்டிவிட்டு, நகரத்து எல்லையிலிருந்த சேமக்காலைக்குக் கூட்டிப்போனார். சிலுவையில் றொசானின் பெயரை வாசித்ததும் அம்புறோஸ் விம்மிவிட்டார். அடுத்த நாள் அவர்கள் எங்கும் போகவில்லை. ஹோட்டல் அறையிலேயே கிடந்தார்கள்.

"அந்த மனுசனுக்கு என்னெண்டு சொல்லுறது? கேட்ட இடத்திலேயே போயிடுவார்."

"சொல்ல வேண்டாம்" என்றாள் அக்னெஸ். "பொய் சொன்ன பாவம் என்னோட போகட்டும்."

மொன்றியலுக்குத் திரும்பியபோது எமிலியானுஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கண்டனீங்களே?"

"ஆளைக் காணக் கிடைக்கேல்லை அண்ணை. தெரிஞ்ச ஆக்களைக் கண்டனாங்கள்" என்று அக்னெஸ் முகத்தில் சிரிப்பை வரவழைத்தாள். "வேலைக்கெண்டு தெற்குப் பக்கம் போயிட்டானாம். சுகமா இருக்கிறானாம். விசா சரிவந்தாப் பிறகு கதைப்பானாம்."

"மாதாவே!" அந்த மனிதர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகைக்குள்ளே சிரித்தார்.

திரேசம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"தேத்தண்ணி போடுறன்" என்று குசினிக்குள் போய்விட்டாள்.

இதற்குமேல் அக்னெஸால் பொறுக்க முடியவில்லை. இன்றைக்கு நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று பின்னாலேயே போனாள்.

திரேசம்மா தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டிருந்தாள். அந்த இரைச்சலுக்குள் அக்னெஸின் கையை இறுகப் பிடித்தாள்.

"அவனோட இருந்த பொடியள் அப்பவே எனக்குப் போன் எடுத்துச் சொல்லிட்டாங்கள், அக்னெஸ். இவர் தாங்கமாட்டார் எண்டுதான்..."

வாசற்பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்திக் கேட்டாள்:

"என்ர பிள்ளைக்கு ஒரு பூவாவது வைச்சனீங்களே?"