சட்டி நின்றது

மூவாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.

மேஸ்திரி சவரிமுத்து அவளுக்குத் தரவேண்டிய கூலி. பேச்சியக்காவின் புது வீட்டுக்குச் செங்கல்லும் கலவையும் சுமந்ததற்கு.

அந்தப் பேச்சியக்காவே இப்போது வெயிலில் வந்து நின்றாள். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை.

அதே தெருவில் இன்னொரு வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மெஷின் இரைந்தது. சாரத்தில் படிக்கு ஒரு ஆள். காங்கிரீட் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போனது. நடுப்படியில் அவள்.

பேச்சியக்கா மெஷினுக்கு மேலே கத்தினாள்.

"ஏடி, பால் காய்ச்சுன அன்னைக்கு வேலையாளுக எல்லாருக்கும் துணி எடுத்து வச்சேன். நீ மட்டும் சீலைய நாற்காலியில வீசிட்டுப் போன. தெருப்பூரா என்னையக் கூலி தின்னவன்னு பேசுறியாம். இட்லி வித்த காசுடி அது. பூச்சு முடிஞ்ச அன்னைக்கே கடைசி ரூபா வரைக்கும் இந்தாளு கையில குடுத்துட்டேன்."

இந்தாளு, மேஸ்திரி, மேலே தளத்தில் குனிந்திருந்தான். கரணையை விடவில்லை. சிரித்தான்.

"பய காலேஜு பீஸுக்கு ஆயிப்போச்சுக்கா. குடுக்க மாட்டேன்னா சொன்னேன்?"

அவள் கையில் சட்டி கனத்தது.

அவள் கூலி கேட்ட ஒவ்வொரு தடவையும் அவன் சொன்னது ஒன்றேதான்.

பேச்சியக்கா கொடுத்தால் அன்றைக்கே உன் கையில்.

அவள் நாற்பது தாண்டி எழுத்துப் படித்தவள். பத்தாவது எழுத வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகிறவள். வடிவியல் வந்தபோது மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். அவளுக்குப் பசி எடுத்தாற்போல இருந்தது.

சதுரம் எனில் நான்கு பக்கமும் சமம்.

பக்கம் சமமில்லை எனில் அது சதுரமில்லை. போய்ப் பார்க்க வேண்டாம். யாரையும் கேட்க வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

ஆனால் சதுரமில்லை என்பதற்காகப் பக்கம் சமமில்லை என்று சொல்லிவிடக் கூடாது. சாய்சதுரம் குறுக்கே வந்து நிற்கும். சார் அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார்.

அவள் அதையும் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

அக்கா கொடுத்தால் என் கையில் வரும். என் கையில் வரவில்லை. எனவே அக்கா கொடுக்கவில்லை.

ஒரு வரி பிசகில்லை.

அந்தத் தைரியத்தில்தான் சேலையை வீசினாள். ரேஷன் கடை வரிசையில் வாய்க்கு வந்தபடி பேசினாள். அந்தம்மா வீட்டு வாசலில் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிரூபித்த பிறகு கேட்பானேன்.

முதல் வரி உண்மையாக இருந்தால்தான் கடைசி வரி உண்மை என்று சார் சொல்லியிருந்தார். புத்தகத்தில் முதல் வரி பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

இங்கே முதல் வரியைச் சொன்னவன் சவரிமுத்து.



மேல்படியில் மூக்கம்மா கையை நீட்டினாள்.

அவள் சட்டியைக் கொடுக்கவில்லை.

கீழ்ப்படியில் அடுத்த சட்டி வந்து நின்றது. அதற்கும் கீழே இன்னொன்று.

மெஷின் மட்டும் சுற்றியது.

"என்னத்தா, தூக்கு. பாதியில நின்னா ஒட்டு விழுந்துரும். மழைக்கு ஒழுகும்."

மேஸ்திரி குரலில் இப்போது சிரிப்பு இல்லை. வீட்டுக்காரர் குடையை மடக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

பாதியில் நின்றால் ஒழுகும். அவன் சொன்னதில் இது ஒன்றுதான் உண்மை.

"காசு வந்தா சட்டி வரும்" என்றாள்.

"சாயங்காலம் பாப்போம்த்தா…"

"வந்தா வரும்."

மூக்கம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும் இடுப்பு வலிக்கி மேஸ்திரி. நீங்க பேசி முடிங்க."

கீழே யாரோ சிரித்தார்கள்.

அவன் இறங்கி வந்தான். முணுமுணுத்தபடி டவுசர் பையில் கையை விட்டான். நோட்டில் ஈரச் சிமெண்ட் ஒட்டியிருந்தது. அவள் சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் வாங்கினாள். மேல்சட்டைப் பைக்குள் திணித்தாள்.

சட்டி ஏறியது.

பேச்சியக்கா அதுவரை நின்றிருந்தாள். பையை மணல் குவியல்மேல் வைத்தாள்.

"இந்தச் சீலையக் கட்டுனா என் வாசலுக்கு வா."

திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பொழுது சாயத் தளம் முடிந்தது. அவள் தொட்டித் தண்ணீரில் கைகால் கழுவினாள். பையைப் பிரித்தாள். அன்றைக்கு வீசியதேதான். மாம்பழ நிறம். நல்ல கனமான சேலை, மலிவாகப் பார்த்து எடுத்ததல்ல.

கட்டிக்கொள்ள மனம் வரவில்லை. ரேஷன் கடையில் பேசியதெல்லாம் அந்த மடிப்புக்குள் இருந்தது.

மேஸ்திரியிடம் வரவேண்டியது வந்துவிட்டது. உள்ளே காந்தல் மட்டும் அடங்கவில்லை. அவனைத் திட்டிப் பார்த்தாள். முதல் வரியைத் திட்டிப் பார்த்தாள். வாய்தான் கசந்தது.

கால் தானாக அந்தத் தெருமுனை வரை போனது.

பேச்சியக்கா வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சுமந்த செங்கல். அவள் தண்ணீர் ஊற்றிய சுவர்.

கட்டினால் வா என்றாள்.

கட்டாவிட்டால் வராதே என்று சொல்லவில்லை.

சிமெண்ட் காய்ந்த சட்டையோடு, பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கதவுக்கு முன்னால் நின்றாள். தட்டக் கை எழவில்லை.

கிரைண்டர் நின்றது.

"நிக்கிறதுக்கெல்லாம் கூலி கெடையாதுடி. தள்ளு, நாதாங்கி போடல."