கொதிக்காத தண்ணீர்

தோட்டத்துத் துரை வாயிலிருந்த தேநீரை எச்சில் படிக்கத்தில் துப்பினார்.

"தண்ணி செத்துப்போச்சு, திரேசா."

திரேசா அந்தப் பங்களாவின் சமையல்காரி. அந்தத் தண்ணீரை அவள் கொதிகொதியென்று கொதிக்கவிட்டு, பிறகுதான் ஆற வைத்திருந்தாள். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த மொரிட்டா முகம் சுளிக்கவில்லை. ஜப்பானிலிருந்து வந்தவர். பெல்மதுளைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் பச்சைத் தேயிலை செய்யச் சொல்லிக்கொடுப்பதற்காகத் துரையே அவரை வரவழைத்திருந்தார். கொழுந்தை வாடவிடாமல், பறித்த கையோடு ஆவியில் வேகவைத்து, பச்சை மாறாமல் உலர்த்துகிற வேலை. முதல் பெட்டிகள் அமெரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்தன. மொரிட்டா குடித்துப் பார்த்து நல்லது என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"பீலியில புதுத் தண்ணி கொண்டா. கொதிக்கக் கூடாது. கை பொறுக்கிற சூடு போதும்" என்றார் துரை.

குடத்தை எடுக்கப் போன திரேசா திரும்பினாள்.

"தொரைங்களே, அந்தத் தண்ணி..."

"வாய மூடு. கங்காணி சொன்னது ஞாபகம் இல்லையா?"

விருந்தாளி பார்த்துக்கொண்டிருந்ததால் துரை சிரித்த முகத்தோடேயே அதைச் சொன்னார்.

ஞாபகம் இல்லாமலா? கூலியாட்களின் வீட்டு வரிசையான மேல்மலை லயத்தில் வாந்திபேதி கண்டிருந்தது. செத்தவர்களை ஒப்பாரி கூட வைக்கவிடாமல் புதைத்தார்கள். டாக்டர் வந்தால் தோட்டத்தையே மூடிவிடுவார், பெட்டிகள் போய்ச் சேரும்வரை ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது என்று அழகமுத்துக் கங்காணி லயத்து வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். மீறிப் பேசுகிற குடும்பம் அன்றைக்கே சட்டிபானையோடு ரோட்டில் நிற்கும்.

திரேசாவின் புருஷன் சிறில் அதே நோயோடு அந்த லயத்தில்தான் கிடந்தான். எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை. ரோட்டில் போட்டால் விடியும்வரை தாங்கமாட்டான்.

அவள் பங்களாவின் பின்பக்கம் போய்ப் பீலியில் குடத்தைப் பிடித்தாள். மலையிலிருந்து மூங்கில் வழியாக வந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்தது. குடத்துக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை.

துரை பார்க்காத நேரத்தில் இதையும் கொதிக்கவிட்டுவிடலாம் என்றுதான் அடுப்பில் வைத்தாள். ஆனால் துரை குசினி வாசலுக்கே வந்து நின்றுகொண்டார். பாத்திரத்தின் அடியில் குமிழ் கட்டுவதற்கு முன்பே, "போதும், எடு" என்றார்.

மொரிட்டா தானே தேயிலையைப் போட்டார். தண்ணீரை மெல்ல ஊற்றி மூடிவைத்தார். மூடியைத் திறந்தபோது மழைக்குப் பிறகு புல் வெட்டின மாதிரி ஒரு வாசம் எழுந்தது. இரண்டு கோப்பையிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தார், இரண்டிலும் ஒரே நிறம் வரும்படி.

துரையைப் போல அவரும் ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார் என்று திரேசா நம்பியிருந்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

மறுபடி வார்த்து மறுபடி விழுங்கினார். முகத்தில் அப்படியொரு நிறைவு. ஊரை விட்டு வந்த மனுஷன், ஊர் ருசியைக் கண்டுவிட்டார் போல. துரையும் சந்தோஷமாகத் தன் கோப்பையை எடுத்து உதட்டுக்குக் கொண்டுபோனார்.

திரேசாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"தொரைங்களே, காலையில சிறிலோட துணியப் பீலிக்கு மேல ஓடையிலதாங்க அலசினேன். எரிச்சா பொகை தெரியும்னு கங்காணி எரிக்க விடலீங்க. அந்தத் தண்ணிதாங்க இது."

துரையின் கை அப்படியே நின்றது.

கோப்பையை மெதுவாகத் தட்டில் இறக்கினார். ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

மொரிட்டா அவளையும் துரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

துரை கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தபடி, அவளைக் கைகாட்டி, இங்கிலீஷிலேயே பதில் சொன்னார்.

திரேசாவுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் மொரிட்டாவின் முகம் மலர்ந்தது அவளுக்குத் தெரிந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவளுக்கு நேரே நின்று, இடுப்பை வளைத்துத் தலை தாழ்த்தி வணங்கினார். அவள் பிறந்ததிலிருந்து அவளை யாரும் அப்படி வணங்கியதில்லை. அப்புறம் காலிக் கோப்பையை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"ஊத்து" என்றார் துரை. தமிழில், தணிந்த குரலில். "சிறில் லயத்துலயே கிடக்கட்டும். நான் பாத்துக்கிறேன். ஊத்து."

மேசையிலிருந்து எடுத்த தேநீர்ப் பாத்திரம் அவள் கையில் வெதுவெதுவென்று இருந்தது. லயத்து இருட்டில் கிடக்கிறவனை நினைத்தாள். முன்னால் நீட்டியபடி நிற்கிற இரண்டு கைகளைப் பார்த்தாள்.

பாத்திரத்தைத் தரையில் கவிழ்த்தாள்.

"கொலரா" என்றாள்.

மருந்துச்சாலையில் காதில் விழுந்த சொல். தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாத மொரிட்டாவுக்கு அந்த வார்த்தை தெரிந்திருந்தது.

துரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, வெளியே பார்த்து அழகமுத்துவைக் கூப்பிட்டார்.

மொரிட்டா அசையவில்லை. துரைக்கு வார்த்த கோப்பை நிறைந்தபடி இருப்பதைப் பார்த்தார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.