வெடித்த டயரும் ஒரு சாட்சியும்

"பிரேக்கைத் தொடவே இல்லப்பா! சத்தியமா தொடலை!"

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க. டயரைக் கழட்டட்டுமா?" என்றார் டயர் கடைக்காரர், தலையைத் தூக்காமலே.

லிஃப்ட்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் இயக்கி மேலும் கீழுமாகவே போய் வந்த மனிதர். ஓய்வு பெற்றதும் நேராகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு பைக் வாங்கினார். மனைவி போன பிறகு வீட்டில் அவரோடு பேசுவது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் விட்டு விட்டு.

இன்று கோடவுன் வளைவில் பின்டயர் டமாரென்று வெடித்தது. வண்டி வாலாட்ட ஆரம்பித்துவிட்டது. அவர் அசரவில்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டார், ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தார், விழாமல் ஓரங்கட்டினார். வாழ்க்கையில் செய்த ஒரே சாகசம். பார்க்க ஒரு காக்கா குருவிகூட இல்லை.

செல்போன் அடித்தது. மகன். லிஃப்ட்காரருக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போறீங்களாமே? பஸ்ல போன உங்க மருமக பார்த்திருக்கா. எங்க விழுந்தீங்க?"

"விழலைடா. டயர் வெடிச்சுது. சமாளிச்சு நிறுத்திட்டேன்."

"நீங்களா? அதை யார் பார்த்தா? போதும்ப்பா. ஞாயித்துக்கிழமை வந்து வண்டியை வித்துடறேன். பேசாம வீட்ல இருங்க."

"பேச ஆள் இருந்தாத்தானேடா பேசாம இருக்கறதுக்கு?"

கடை வாசல் பெஞ்சிலிருந்து ஒரு கை நீண்டது. இஸ்திரி போட்ட சட்டை, சீவிய தலை. வண்டிகளுக்குக் காற்று அடிக்கும் இடத்துக்குத் தினமும் காற்று வாங்க வருகிறவர்.

"போனைக் கொடுங்க. நான் பார்த்தேன்."

லிஃப்ட்காரர் கொடுத்தார். கடவுளே நேரில் கேட்டிருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் கொடுத்திருக்க மாட்டார்.

"தம்பி, வேற யாராவதா இருந்தா பதறிப்போய் பிரேக்கை அழுத்தி, இந்நேரம் ஆஸ்பத்திரியில கிடப்பாங்க. இவர் பிரேக் பக்கமே போகலை. முழங்காலால டேங்கைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார். வண்டி தன்னால வேகம் குறையட்டும்னு விட்டார். அந்த நேரம் பார்த்துக் குறுக்க ஒரு நாய்..."

லிஃப்ட்காரர் விழித்தார். நாயா? நாய் எப்போது வந்தது? ஆனால் வண்டியைக் காப்பாற்ற வந்த நாயை எப்படி விரட்டுவது?

"ஆமாடா," என்று போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "பெரிய நாய்!"

"ஹேண்டிலை வெட்டி ஒடிக்கலை தம்பி. நேராவே வந்தார், நாய்தான் ஒதுங்குச்சு. ஓரமா நிறுத்தி இறங்கியாச்சு. சுத்திப் பார்த்தா ரோட்டுல ஒருத்தர் இல்லை. யாராவது வந்து 'என்னாச்சு'ன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களான்னு இருந்துது..."

பெஞ்சுக்காரர் போனை மறந்து ரோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தான் அதுவரை ஒளித்து வைத்திருந்தது இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்று லிஃப்ட்காரர் வாயைப் பிளந்தார்.

அந்தப் பக்கம் மகன் அப்பாவைக் கூப்பிட்டான்.

"அப்பா... வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். ரெண்டு டயரையும் புதுசா மாத்திடுங்க. ராத்திரி போன் பண்றேன், மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க."

புது டயர்கள் ஏறின. லிஃப்ட்காரர் பெஞ்சுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். காலியான ரோட்டில் ஹாரன் அடித்தபடியே போனார்.

டயர் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஏண்ணே, காலையிலேர்ந்து நீங்க இந்த பெஞ்சை விட்டு எழுந்திரிக்கலை. கோடவுன் வளைவு இங்கேர்ந்து தெரியவும் தெரியாது. அவரை எங்க பார்த்தீங்க?"

"அவரை நான் எங்கப்பா பார்த்தேன்? அது என் டயர் வெடிச்ச கதை. அன்னிக்கு வீட்ல சொல்ல வாயெடுத்தேன், டிவி சத்தத்தைக் கூட்டிட்டாங்க. இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் முழுசா சொல்லி முடிச்சேன்."