நட்சத்திரம் நுழையாத இடம்

அவன் கம்ப்யூட்டரில் அதே தேடல் வரியை மறுபடியும் அடித்தான்.

இரண்டு நட்சத்திரக் குறி. சாய்வுக்கோடு. ஒரு நட்சத்திரம். புள்ளி. txt.

எத்தனை ஃபோல்டர் அடுக்குக்குள் கிடந்தாலும் எல்லாக் கதைகளையும் வாரிக்கொண்டு வந்துவிடும் வரி என்று நம்பியிருந்தான்.

ஒன்பது பெயர்கள் வந்தன. ஒன்பதும் அவனுடையவை.

ஜெஸிந்தாவுடையது ஒன்றுகூட இல்லை.

பதினோரு வருடங்களுக்கு முன்பும் இப்படித்தான்.

இதே பாளையங்கோட்டைக் கல்லூரி. இதே லேப். எம்.சி.ஏ. கடைசி வருடம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கதை இதழ் கொண்டுவருவதாக இருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரே டிபன் பாக்ஸ், ஒரே கீபோர்டு. அவள் சொல்லிக்கொண்டே அடிப்பாள். முடிவு சரியில்லை என்று அவன் சொன்னால், பேசாமல் தயிர்சாதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

யார் பெயர் முதலில் என்று ஒருநாள் சண்டை வந்தது. மறுநாள் காலை அவன் தேடினான். ஒன்பது பெயர்கள்.

"கோவத்துல எல்லாத்தையும் அழிச்சிட்டேல்ல?"

வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதழ் வரவில்லை. அதற்குப் பிறகு பேச்சும் இல்லை.

இப்போது அவன் இங்கேயே ஆசிரியர். பழைய சர்வர் நாளை ஏலத்துக்குப் போகிறது. தன் கதைகளை எடுத்துவைக்கத்தான் உட்கார்ந்திருந்தான்.

லேப் உதவியாளர் பொற்கொடி பின்னால் நின்று பார்த்தார். குனிந்து, கோப்புகளின் முழு விவரத்தையும் வரவழைத்தார்.

"சார், இங்க ஒரு லிங்க் கெடக்கு பாருங்க. ரெண்டு நட்சத்திரம் போட்டா லிங்குக்குள்ள போகாது. பேரச் சொல்லித்தான் போகணும்."

திரையில் jesi என்று இருந்தது. பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அதற்கப்பால் இன்னொரு டிஸ்கின் முகவரி.

இங்கே இருந்தது பெயர் மட்டும். கதைகள் அங்கே.

லிங்க் போட்ட தேதியைப் பார்த்தான். சண்டைக்கு முந்தைய வாரம். அந்த வாரம் முழுக்க டிஸ்க் நிரம்பி வழிந்தது. அவன்தான் எல்லாரிடமும் புலம்பிக்கொண்டிருந்தான். அவள் தன்னுடையதை நகர்த்தி இடம் விட்டிருக்கிறாள்.

அவள் பெயரை அடித்தான். சாய்வுக்கோடு. நட்சத்திரம்.

பதினான்கு கதைகள்.

முதல் கதையைத் திறந்து நேரே கடைசிப் பத்திக்குப் போனான். அவன் சரியில்லை என்று சொன்ன முடிவு. மாற்றி எழுதியிருந்தாள்.

பொற்கொடி எப்போது வெளியே போனார் என்று தெரியவில்லை.

பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் எண் எப்போதும் இருந்தது. இன்றுதான் அதைத் தொட்டான்.

"ஜெஸி... நான்தான். அந்த லிங்க்கை இன்னைக்குத்தான் பாத்தேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எத்தனை கிடைச்சுது?" என்றாள்.