ஆல்பனியா, ஜெரால்டனா?

"ஜெரால்டனா? உனக்கென்ன பைத்தியமா, கிளிஃப்?"

அவன் மனைவி ஹேசல் தேநீர்க் கோப்பையை வைத்த வேகத்தில் மேசை நனைந்தது.

அறுவடை முடிந்ததும், தங்கிக்கொள்ளும் கேரவன் வண்டியைக் காரில் மாட்டிக்கொண்டு ஆல்பனித் துறைமுகத்துக்குப் போவது கட்டானிங் ஊர்க் கோதுமை விவசாயிகளின் மாறாத வழக்கம். இரண்டு மணி நேரப் பயணம், குளிர்ந்த கடல், அதே முகாம், அதே மர நிழல். மாலையானால் இறைச்சி சுடும் அடுப்பைச் சுற்றி நின்று, ஹெக்டேருக்கு எத்தனை டன் விளைந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். கிளிஃபும் அடுத்த பண்ணை ஐவனும் மணமான காலத்திலிருந்தே மனைவியரோடு சேர்ந்து போய் வருகிறவர்கள்.

இந்த ஆண்டு கிளிஃப், வடக்கே ஒரு பகல் முழுதும் ஓட்டிப்போக வேண்டிய ஜெரால்டனைப் பிடித்துக்கொண்டான்.

"அதுவும் துறைமுகம்தானே! அங்க மீன் நல்லா கிடைக்குமாம்."

"படகைப் பார்த்தாலே உனக்குக் குமட்டும். நீ மீன் பிடிக்கப் போறியாக்கும்! அங்க அடிக்கிற காத்துக்கு மரமே தரையோட படுத்துக் கிடக்கு. தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணுகூட இருக்காது. நோலா, நீயாவது சொல்லுடி!"

ஐவனின் மனைவி நோலா பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி கணவனைப் பார்த்தாள்.

"நான் என்னத்தச் சொல்ல? இவன் இந்த வருஷம் எங்கேயுமே வரலையாம். டிராக்டர் வேலை இருக்காம்."

"டிராக்டர் எங்கேயும் ஓடிப்போயிடாது," என்றான் கிளிஃப். "யோவ் ஐவன், ஜெரால்டன்னா வருவியா?"

ஐவன் தன் தொப்பியை விரல்களில் சுழற்றினான்.

"ஜெரால்டன்னா... வரலாம்."

"அப்ப நானும்தான்," என்றாள் நோலா சட்டென்று.

"மூணு வோட்டு. தீர்ந்தது!" என்று கிளிஃப் மேசையைத் தட்டினான்.

ஹேசலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்டோபரில் கொட்டிய ஆலங்கட்டி மழை ஐவனின் வயலை அடித்துவிட்டு, வேலியோடு நின்றுபோனது. வேலிக்கு இந்தப் பக்கம் ஹேசலின் வயலோ இதுவரை காணாத விளைச்சலைக் கொடுத்திருந்தது. இப்படிப்பட்ட ஆண்டிலா ஆல்பனிக்குப் போகாமல் இருப்பது?

"சுத்த சுயநலக்காரன்," என்று தொலைபேசியில் தங்கையிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஜெரால்டன் அவளை ஏமாற்றவில்லை. முதல் நாளே காற்று அவள் தொப்பியைக் கடலுக்குக் கொண்டுபோனது. மறுநாள் சாலட்டில் மணல் கடிபட்டது.

"மீன் கிடைக்கும்னியே, இந்தா, மணல் கிடைச்சிருக்கு. சாப்பிடு!"

கிளிஃப் அதையும் மென்று விழுங்கினான்.

அதற்கடுத்த நாள் இரு ஆண்களும் வாடகைப் படகில் கடலுக்குப் போய்த் திரும்பினார்கள். ஐவன் துள்ளிக் குதித்து இறங்கினான். கிளிஃபைக் கைத்தாங்கலாக இறக்க வேண்டியிருந்தது. வெளிறிய முகத்தோடு, வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேரவன் நிழலில் சரிந்து படுத்தான்.

"வேணும், நல்லா வேணும்," என்று ஹேசல் ஈரத்துணியை அவன் நெற்றியில் அறைந்தாள்.

அந்த வழியாகப் போன உள்ளூர்க் கிழவர் ஒருவர் ஐவனின் முன்னால் நின்றார்.

"என்னப்பா, மீன் எத்தனை விழுந்துச்சு?"

"பதினாலு!" என்றான் ஐவன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "பதினஞ்சாவது ஒண்ணு... இதோ, இவ்ளோ நீளம்! கைக்கு வந்தது நழுவிடுச்சு!"

"அடப் பொய்யா! எனக்கு நழுவினது அதைவிடப் பெருசு!"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கையிலிருந்த துவாலையை மடிக்க மறந்து நோலா கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்டோபருக்குப் பிறகு அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை.

ஹேசல் மீன் கூடையை எட்டிப் பார்த்தாள். உள்ளே இரண்டே இரண்டு மீன்கள் கிடந்தன.

"கேட்டியா கிளிஃப்? ரெண்டைப் பதினாலுன்னு அளக்கறான், கூசாம!"

"அளக்கட்டும் விடு," என்று கண்ணைத் திறக்காமலே முனகினான் கிளிஃப். "ஆல்பனியா இருந்தா, இந்நேரம் நீ நம்ம விளைச்சலைச் சொல்லி முடிச்சிருப்ப... அடுத்து அவன் முறை வந்திருக்கும்."